அசீனா ஊதிய இன்ஜின்

அசீனா குழாயிலிருந்து வாயை எடுத்த பிறகும் சக்கரம் நிற்கவில்லை.

அப்துல் ரவூப் முதலில் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். ராஜபாளையத்து நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். அதில் கரடுமுரடான வார்ப்புத் துண்டுகளும் ஒரு வரைபடமும்தான் இருந்தன. அவற்றை லேத்தில் கடைந்து, துளை போட்டு, அராவி, உள்ளங்கை அகலச் சக்கரம் வைத்த நீராவி இன்ஜினாக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்தப் பெட்டியைத்தான் அவர் இரண்டாவதாக நிக்காஹ் செய்திருக்கிறார் என்று அசீனா ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

நீராவி ஏற்றும் முன் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறை வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். ரவூபுக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவுடனே மனைவியைக் கூப்பிட்டார். வால்வைத் திருத்த அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

“ஏட்டி, இந்தக் குழாயில செத்த நேரம் ஊது.”

“பல்லு வலிக்குன்னு கிராம்பு அடக்கி வச்சிருக்கேன். பொறவு ஊதட்டா?”

“இப்பவே ஊதுட்டி.”

ஊதினாள். சுற்றியது. சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கரண்ட் இல்லை. மலையிலிருந்து இறங்கிய மேகம் மதிய வெளிச்சத்தை மங்கலாக்கியிருக்க, நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே, மெஷின் எண்ணெயும் இரும்புத்தூளும் மணக்கும் அந்தப் பின்னறையில், புஸ்... புஸ்... என்று அவசரமே இல்லாமல், யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குவது போல அந்தச் சின்னச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ரவூப் குழாயைக் கழற்றினார். நிற்கவில்லை. யாரும் ஊதாத இன்ஜினின், காற்று வெளியேறும் துளையில் விரலை வைத்தார். இளஞ்சூடாக, ஈரமாக எதுவோ பட்டது. விரலை முகர்ந்தார்.

கிராம்பு.

பயந்துபோய்ச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தார். அடுக்களையில் பாத்திரம் உருண்டது.

கையை எடுத்துவிட்டு ஓடினார். அசீனா சுவரோடு சரிந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது, மூச்சு இல்லை. பின்னறையில் புஸ் என்றது. அவள் நெஞ்சு ஏறியது.

“யாரோ நெஞ்சப் புடிச்ச மாரி இருந்துச்சுங்க.”

அவளைத் தாங்கிவந்து மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். பிஸ்டன் ஏறியது, நெஞ்சு ஏறியது. இறங்கியது, இறங்கியது. எந்த டாக்டரிடம் எதைச் சொல்வது? ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டார்.

“கம்ப்ரஸர ஒடனே கொண்டா.”

“குடும்பத்தோட பிளவக்கல் டேம்ல நிக்கேன் பாய். ஞாயித்துக்கெழம வாரேன். பொம்ம இன்ஜினுக்கு அம்புட்டு என்ன அவசரம்?”

போனை வைத்தார்.

சக்கரம் மெதுவானது. ஏன் என்று ஃபிட்டருக்குத் தெரியும். காற்று கசியக்கூடாதென்று பிஸ்டனை அவர்தான் அவ்வளவு இறுக்கமாகச் செய்திருந்தார். புது இன்ஜின், எண்ணெய் இல்லாமல் ஓடினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் எண்ணெய் விட மறந்திருந்தார்.

எதிரே அசீனாவின் உதடு நீலம் பாய்ந்தது.

வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, இடது கையால் ஆயில் கேனை எடுத்துச் சிலிண்டரில் ஒரு சொட்டு விட்டார். சக்கரம் இலகுவானது. அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

அசீனா இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்துப் பார்த்தாள். துணியில் கறுப்பாக எண்ணெய்.

“என்னங்க இது?”

அவர் அழுதார். சக்கரத்தைச் சுற்றினார்.

சாயங்கால அஸர் பாங்கு கேட்டது. கரண்ட் வந்தது. விரலில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. சுற்றினார். அசீனா இன்ஜினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சக்கரம் திரும்பவும் இறுகியது.

எண்ணெய் விட்டால் அவள் நெஞ்சுக்குள் போகும். விடாவிட்டால் நின்றுவிடும்.

கேனை எடுத்தார். கீழே வைத்தார். உதடு நீலமானது. மறுபடி எடுத்தார்.

எதிரே அசீனா, அவர் முகத்தையே பார்த்தபடி, தலையை லேசாக அண்ணாந்து வாயைத் திறந்தாள்.