வடக்கே இழுத்த வண்டி

மூக்குக்கண்ணாடியைத் துடைக்க சிவசங்கர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தது ஒரு நொடிதான். அதற்குள் கார் இடது பக்கம் சாய்ந்து மண்ணில் இறங்கப் பார்த்தது. செஞ்சியிலிருந்து கிழக்கே வல்லம் ஒன்றிய அலுவலகத்துக்குத் தினம் போய்வருகிற சாலை. பள்ளமில்லை, மேடில்லை. ஆனாலும் இழுத்தது.

காரணம் தெரியும் என்றுதான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலை சாலையில் கோட்டைக்கு எதிரே ஒரு குடும்பம் ஓரமாக நின்றிருந்தது. அவர்களுக்காக ஒதுக்கியதில் முன்சக்கரம் நடைபாதையின் விளிம்புக்கல்லில் மோதி ஏறி இறங்கியது. விபத்தில் செத்தவரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்கள் அவர்கள். உயிர் போன இடத்தில் பால் ஊற்றி, கற்பூரம் ஏற்றி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கொண்டுவந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் அந்த உயிர் ரோட்டிலேயே நிற்குமாம். அவர்களுடைய ஆட்டோ பத்தடி பின்னால் நின்றது. இந்த மகானுபாவன் அதையெல்லாம் எங்கே கவனித்தான்? பின்சீட்டில் பழக்கூடை கவிழ்ந்துவிட்டதே என்று இடது கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு, குனிந்து சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"மஞ்சு, ஏறும்மா. ஊட்டுக்குப் போலாம்."

பழங்களை அள்ளிப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் மனைவி வெண்மதிக்கு இது ஒன்பதாம் மாதம். வலி எடுத்தால் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரில்தான் போயாக வேண்டும். அந்த நினைப்பு வந்ததுமே அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சக்கரங்களை நேர்செய்யும் விநாயகத்தின் அலைன்மென்ட் கடையில் வண்டியை ஏற்றினான். விநாயகம் நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டினார். முடுக்கி முடித்ததும் திரையில் எல்லாம் பச்சை.

"கல்லுல இடிச்சதுல கொஞ்சம் விலகியிருந்துச்சு சார். நேர் பண்ணிட்டேன். தைரியமா போங்க."

சிவசங்கருக்கு மிஷின் சொன்னால் வேதவாக்கு. தைரியமாகத்தான் போனான். மறுநாள் காலையிலும் கார் இடது பக்கம் இழுத்தது. சாயங்காலம் திரும்பும்போது வலது பக்கம் இழுத்தது. எதிரே வந்த பஸ்ஸின் முகப்பு காரின் கண்ணாடியில் முட்டுகிற தூரத்துக்கு வந்து விலகியது. ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தான். அடைத்த காருக்குள் பால் திரிந்த வாடை வந்தது. பழம் அழுகியிருக்கும் என்று சீட்டுக்கு அடியில் துழாவினான். ஒன்றுமில்லை.

விநாயகம் இந்த முறை தானே ஓட்டிப் பார்த்தார். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். கடைக்கு வந்து இறங்கியவர் துணியால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அலைன்மென்ட் போன வண்டி எங்க போனாலும் ஒரே கைப்பக்கம் இழுக்கும் சார். இது ஒரே ஊர் பக்கம் இழுக்குது. வடக்க, சிங்கவரம் பக்கம்." பிறகு காரின் பின்சீட்டைப் பார்த்தார். "இந்த வண்டிய இனிமே இங்க எடுத்தாராதீங்க."

வியாழக்கிழமை மத்தியானம் வெண்மதிக்கு வலி எடுத்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லை. பின்சீட்டில், இடது பக்கம், அவளை ஏற்றினான்.

விழுப்புரம் சாலை தெற்கே போகிறது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. இடதாகவும் இல்லை, வலதாகவும் இல்லை. வந்த வழியே திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். தோள் வலித்தது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

"ஏசிய நிறுத்துங்க. பக்கத்துல ஜில்லுன்னு இருக்குது," என்றாள் வெண்மதி.

அவன் ஏசியே போடவில்லை.

ஒரு மணல் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. கார் குறுக்கே திரும்பியது. லாரிக்காரன் மயிரிழையில் ஒடித்துக்கொண்டு போனான். கார் நின்றபோது அதன் மூக்கு செஞ்சியைப் பார்த்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை திறந்துபோட்ட கதவு, 'ஏறும்மா' என்ற குரல், சிவசங்கருக்கு அப்போது எல்லாமே புரிந்துவிட்டது. ஏற்றியதை இறக்கிவிட்டால்தான் இது தெற்கே போகும். பத்து நிமிஷம். இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். பெண்டாட்டி பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில் அப்படித்தான் கணக்குப் போட்டான்.

சிங்கவரம் சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் வெண்ணெயாக இளகியது. கையை எடுத்தான். கார் நேராகப் போனது. வளைவில் தானாக வளைந்தது. பின்னால் வெண்மதியின் முனகல் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்க்கத் தைரியமில்லை.

சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய வீட்டின் முன்னால் கார் நின்றது. போஸ்டரில் இருபது வயதுப் பெண். கீழே, மஞ்சு. வாசலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். அன்றைக்கு ரோட்டில் கூப்பிட்ட அதே பெண்.

"எம் பொண்ணு ஆட்டோல ஏறலீங்க. உங்க வண்டிலதான் ஏறுனா. நான் பாத்தேன். சொன்னா யாரு நம்புறாங்க?"

"கூப்புடுங்கம்மா. சீக்கிரம். எம் பொண்டாட்டிக்கு வலி."

அவன் ஓடிவந்து இடது கதவைத் திறந்தான். தாய் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"மஞ்சு. எறங்கும்மா. ஊடு வந்துடுச்சு."

வெண்மதி இறங்கினாள்.

வயிற்றைப் பிடிக்கவில்லை. முனகவில்லை. அவனைப் பார்க்கவில்லை.

"வெண்மதி!"

திரும்பவில்லை. படியேறினாள். நிலை தாழ்வு என்பது தெரிந்தவளாய்த் தலையைக் குனிந்தாள். உள்ளே போனாள். சுவரில் படம். படத்துக்கு மாலை. எட்டி, மாலையைக் கழற்றித் தரையில் போட்டாள்.

"பசிக்குதும்மா."

தாய் அழுதுகொண்டே தட்டை எடுத்து வைத்தாள். நிறைமாத வயிறு மடியில் இடிக்க, வெண்மதி சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள்.