வெளித்தாழ்ப்பாள்

அன்று பிற்பகல் ஈப்போ நகரின் பெர்ச்சாம் பகுதியில் இருக்கும் அந்த வரிசை வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். நில அளவைத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கார்த்திகேசு, வயது எழுபத்திரண்டு. அவர் மனைவி நல்லம்மாள். மகள் துளசி. துளசியோடு மேசை விளையாட்டு ஆட வாராவாரம் வரும் ரோய்ஸ்டன். ஐந்தாவதாக யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் வந்தது வாடைதான். கார்த்திகேசு கூடத்தில் நாளிதழோடு உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு மலைகளுக்கு மேல் வானம் கறுத்து, மழை இறங்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில், கேக் சுடும் அடுப்பிலிருந்து புளித்த ரப்பர் பாலும் ஈர விறகும் ஆள் வியர்வையும் கலந்த ஒரு புகைவாடை மெல்ல ஊர்ந்து வந்து அவர் மூக்கில் ஏறியது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காய வைக்கும் புகை வீட்டின் வாடை. அறுபத்து மூன்று வருடமாக அவர் மூக்குக்கு எட்டாத வாடை.

"அடுப்புல என்ன வேகுது?"

"மண்ணுங்க," என்றாள் நல்லம்மாள். "உங்க மவ மண்ணைச் சுடுறா. பூச்சி சாகணுமாம்."

நாளிதழை மடித்து வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

துளசியின் தொழில் அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. கட்டைவிரல் உயரமுள்ள பிசின் உருவங்களுக்கு அவள் வண்ணம் தீட்டினாள். வாளேந்திய வீரர்கள், கொம்பு முளைத்த அரக்கர்கள், சூனியக்காரிகள். முதலில் சாம்பல் பூச்சு, அதன் மேல் அடிநிறம், பிறகு பள்ளங்களில் இறங்கித் தேங்கும் நீர்த்த பழுப்பு, பிறகு மேடுகளில் வெளிச்சம். கண் கடைசியில். அவை நின்று சண்டை போடுவதற்குக் காடுகளையும் பாழடைந்த கட்டடங்களையும் அட்டையிலும் நுரைப்பலகையிலும் செய்து விற்றாள்.

மேசையில் புதுப் பலகை ஒன்று இருந்தது. ரப்பர் பால்மரங்கள், தகரக் கூரை, சுவரில் கரி ஏறிய ஒரு சின்னக் கட்டடம். புகை வீடு. கதவின் வெளிப்பக்கம், நகக்கண் அளவில், துருப்பிடித்த தாழ்ப்பாள்.

"என்ன இது?"

"பழைய எஸ்டேட்டுப்பா. நாளைக்கு டவுன்ல பெரிய கேம். ஆளுங்க பேய்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடணும்." தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "போன வாரம் பத்து காஜா ஊருக்குப் போயி, நீங்க வளந்த தோட்டத்து புகை வீடு இருந்த எடத்துலேர்ந்து மண்ணு அள்ளிட்டு வந்தோம். நெசமான மண்ணு ஒட்டுனாதான் தரை உயிரோட இருக்கும்."

"இந்தத் தாழ்ப்பா?"

"செம்பனைத் தோப்புக்குள்ள கதவு இன்னும் கெடக்கு அங்கிள்," என்றான் ரோய்ஸ்டன். "போட்டோகூட எடுத்தேன். வெளியதான் தாழ்ப்பா இருக்கு லா."

"அந்தக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாளே கிடையாது."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார், இழவு வீட்டில் சொல்லியிருக்கிறார், கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றும் சொல்லியிருக்கிறார். தோட்டத்துப் புகை வீட்டில் தீயைப் பார்த்துக்கொண்ட சீனி என்பவர், ஒரு மழைநாளில் உள்ளேயே மூச்சடைத்துச் செத்தார். கங்காணி சின்னையாதான் வெளியே தாழ்ப்பாள் போட்டார் என்று தொழிலாளர் குடியிருந்த லயமே பேசியது. சின்னையா அதை ஒரு நாளும் மறுக்கவில்லை. மறுத்ததெல்லாம் மகன் கார்த்திகேசு.

"நாளைக்கு இதப் பாக்குறவன் எல்லாம் எங்கப்பாவக் கொலகாரன்னு சொல்லுவான். பிடுங்கிப் போடு."

"தாத்தா பேரு இதுல எங்கயும் இல்லையேப்பா."

"பிடுங்குன்னு சொல்றேன்!"

மேசையை ஓங்கித் தட்டினார். கோபம் வந்தால் தட்டுவது அவர் வழக்கம். மேசை, சுவர், கதவு, கைக்கு எது எட்டுகிறதோ அது. வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாரும் பழகிப்போன சத்தம். அரக்கர்கள் துள்ளி விழுந்தார்கள். ஒன்று மட்டும் அசையாமல் நின்றது.

"அந்தச் சின்னப் பையன் யாரு?" என்றான் ரோய்ஸ்டன்.

புகை வீட்டுக் கதவருகில் சாம்பல் பூச்சோடு ஓர் உருவம். கால்சட்டை போட்ட சிறுவன். ஒரு கை, தாழ்ப்பாள் உயரத்துக்குத் தூக்கியிருந்தது.

"நான் செய்யலயே. நீ கொண்டாந்ததா?"

"நான் கொண்டாந்தது ரெண்டே ரெண்டு அரக்கன் லா."

"டீ ஆறுது, வாங்க," என்று நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் மகளின் தோளைத் தொட்டாள். "வா. அப்பா கொஞ்சம் தனியா இருக்கட்டும்."

"எல்லாரும் போங்க. நானே பிடுங்கிக்கிறேன்."

கதவை அவரேதான் அறைந்து சாத்தினார்.

அந்த நொடியில் மழை இறங்கியது. பின்கட்டுத் தகரத்தில் விழுந்த இரைச்சல் அறையை மூடியது. விளக்கை இழுத்துவைத்து, துளசியின் இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

சிறுவன் இப்போது சாம்பலாக இல்லை.

கால்சட்டை காக்கி. சட்டை வெள்ளையில் நீலக் கட்டம். தீபாவளிக்கு எடுத்த துணியில் மிஞ்சியதைக் கொண்டு அம்மா தைத்த சட்டை. அதற்குப் படம் கிடையாது. அதை நினைவில் வைத்திருக்கும் உயிர் அவரைத் தவிர வேறில்லை. சட்டை மடிப்புகளில் பழுப்பு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டார். விரலில் ஒட்டியது.

உள்ளே தட்டும் சத்தம்.

புகை வீட்டுக்குள்ளிருந்து. அட்டையை நகத்தால் சுண்டுவதுபோல. ஒன்று. ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல.

அன்று, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் அத்தனை பேர் நடுவில் சீனி சிரித்தார். "கங்காணி மவன் கால்சட்டையிலயே பேஞ்சிட்டான் டோய்!" பெண்களும் சிரித்தார்கள். கார்த்திகேசுக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் சீனி விறகோடு புகை வீட்டுக்குள் போனபோது, தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டியது. சீனி உள்ளிருந்து தட்டினார். கெஞ்சினார். கடைசியில் 'ஐயா' என்றுகூடக் கூப்பிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் பிள்ளை. தட்டட்டும் என்று நினைத்தான். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான். மழை இரைச்சலில் தூங்கினான். மறுநாள் காலை, அப்பா ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுபடி தட்டல். வேகமாக.

நகத்தால் சுண்டினால் போதும், தாழ்ப்பாள் விலகிவிடும். விலக்கினால், அது அங்கே இருந்தது என்று ஆகிவிடும்.

"செத்தும் என் மானத்தை விடமாட்டியா?" பல்லைக் கடித்தார். கட்டைவிரலால் தாழ்ப்பாளை அழுத்தி, இன்னும் இறுக்கித் தள்ளினார்.

தட்டல் நின்றது.

சிறுவனுக்குக் கண் வந்திருந்தது.

கதவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தது.

விளக்கு ஒருமுறை மங்கித் தெளிந்தது. சிறுவன் அங்கே இல்லை. பலகையில் பழுப்புப் புள்ளிகள். சின்னச் சின்னதாக, இரண்டிரண்டாக. மேசை விளிம்பு வரை.

பிறகு, அறைக் கதவுக்கு வெளியே, இரும்பு இரும்பில் உரசும் சத்தம்.

கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். தரையிலிருந்து வாடை எழுந்தது. ஈர விறகு. ரப்பர். கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. கூப்பிட்டார். குரல் வரவில்லை. தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார்.

கதவின் கீழ் இடுக்கில் நிழல். இரண்டு பாதங்கள். சின்னவை. வெறுங்கால். அசையவில்லை.

நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

மழைக்கு அப்பால், அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "தட்டட்டும் விடு. கோவம் ஆறுனா அவரே வருவாரு."

டீ ஆறி ஆடை கட்டிய பிறகு துளசி வந்து கதவைத் தள்ளினாள். கை பட்டதும் திறந்தது. கார்த்திகேசு தரையில் உயிரில்லாமல் கிடந்தார். விரல் நகங்கள் உடைந்திருந்தன. நுரையீரல் முழுக்கப் புகை என்றார் மருத்துவர். அறையில் ஒரு காகிதம்கூடக் கருகவில்லை. மேசைமேல் புகை வீட்டின் கதவு திறந்து கிடந்தது. அதன் அருகில் சிறுவன் பழைய இடத்தில் நின்றிருந்தான். தூக்கிய உள்ளங்கையில் துருநிறம் இன்னும் காயவில்லை.

துளசிதான் ஆத்திரத்தில் தகப்பனை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டாள் என்று பெர்ச்சாமில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது பொய். துளசி அடுப்படியில் தாயோடு இருந்தாள், ரோய்ஸ்டனும் அங்கேதான் இருந்தான். அந்தக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாளே கிடையாது.