பனிமூட்டத்தில் ஒரு ‘ங்க’

போன் அலறியது.

சிந்தியா ஒரு மூலைக்கு ஒதுங்கி எடுத்தாள். ஒஸ்லோ பொலிஸில் அவளோடு துப்பறியும் ஆன்ட்ரியாஸ்.

“ஆளைப் பிடிச்சிட்டியோ?”

“ஆள் இஞ்சைதான் இருக்கிறான். அங்கால ஒரு கதிரையில இருந்து பணிஸ் தின்னுறான்.”

“பிறகென்ன? விலங்கைப் போடு.”

“என்ன குற்றத்துக்கு? பணிஸ் தின்னுறதுக்கோ?”

எரிச்சல் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. ஏறாதா பின்னே? வடக்கே, கலைமான் மேயும் பொட்டல் வெளிக்கு நடுவே ஒரு விமான நிலையம்... பெயர்தான் விமான நிலையம்! ஒரே கூடம், ஒரே கவுண்டர், ஒரே கழிப்பறை. டிக்கெட் பார்க்கிற இங்கெர்தான் பெட்டியும் ஏற்றுவாள். கோப்பி விற்பவளும் அவளேதான். காலையில் வரவேண்டிய விமானத்தை மூடுபனி இன்னும் விடவில்லை.

வந்தால் இவன் ஏறிவிடுவான். அடுத்த ஊரில் இறங்கி, எல்லை தாண்டி பின்லாந்துக்குள் நழுவிவிடுவான். அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா பகுதியில் ஜோர்ஜின் வீட்டுக்குள் முகமூடியோடு ஒருவன் புகுந்தான். ஜோர்ஜைக் குத்திக் கொன்றான். மனைவி புளோறன்ஸின் கழுத்திலிருந்த புறாச் சின்னத் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான். அவன் முகம் யாருக்கும் தெரியாது. “கத்தினியெண்டா உனக்கும் இதுதான்” என்ற குரலை மட்டும் புளோறன்ஸ் கேட்டாள்.

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்!

கொலைகாரன் இந்த விமானத்தில் போகிறான் என்று துப்பு வந்தது. முந்தின இரவே பறந்து வந்தாள். கூடத்தில் இருந்த ஒரே தமிழ் முகம் இவன்தான்.

“பாஸ்போர்ட்டைப் பாத்தனியோ?” ஆன்ட்ரியாஸ் கேட்டான்.

“இங்கெர் பாத்திருக்கிறா. இந்தியனாம். பத்மநாதன், கோயம்புத்தூர். வாயைத் திறந்தா ‘ங்க’, ‘ங்க’ எண்டு கொட்டுது.”

“அப்ப அவன் இல்லை. ஆதாரம் இல்லாமப் பையைத் திறக்க அரச வக்கீல் விடமாட்டா. விட்டிட்டு வா.”

“செத்தவீட்டில புளோறன்ஸ் அன்ரி என்ர கையைப் பிடிச்சு அழுதவ, ஆன்ட்ரியாஸ். ‘மனிசன்தான் போயிட்டுது, அந்தக் கொடியையாவது கொண்டு வா பிள்ளை’ எண்டவ. நான் வெறுங்கையோட போய் நிக்கவோ?”

லைன் போயிருந்தது. இந்த ஊரில் அதுவும் ஒழுங்காக இல்லை!

போய் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் பளிச்சென்று சிரித்தான்.

“ஏனுங்க... ஃப்ளைட் வந்துருமுங்களா?”

“வரும் எண்டுதான் விடியத்தில இருந்து சொல்லீனம்.”

“நம்மூரா இருந்தா இந்நேரம் ஒரு சண்டை நடந்திருக்குமுங்க.”

“இஞ்சை என்ன வேலை உங்களுக்கு?”

“மீன் ஃபேக்டரியில மெஷின் சர்வீஸுங்க. முடிச்சுட்டுக் கெளம்பறேனுங்க.”

ஒரு சொல் பிசகவில்லை. சிந்தியா பல்லை நறநறவென்று கடித்தாள். ஆன்ட்ரியாஸ் சொன்னதுதான் சரியோ? கொலைகாரன் ஒஸ்லோவிலேயே கால்நீட்டிப் படுத்திருக்க, இவள் இங்கே ஒரு அப்பாவியின் வாயைக் கிண்டிக்கொண்டிருக்கிறாளோ?

ஒலிபெருக்கி கரகரத்தது.

“விமானம் இறங்கப்போகிறது. பயணிகள் தயாராகவும்.”

இங்கெர் கோப்பி ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, மஞ்சள் அங்கியை மாட்டியபடி பெட்டி வண்டியைத் தேடி ஓடினாள்.

அவன் எழுந்தான். பையைத் தோளில் போட்டான்.

“வரட்டுங்களா?”

அவ்வளவுதானா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமலே போகிறதா?

“ஒரு நிமிசம்...” சிந்தியா இனிமையாகப் புன்னகைத்தாள். “அந்த ஃபேக்டரி மனேஜரை எனக்குத் தெரியும். உங்களை நல்லாப் பேசினவராம். உண்மையோ?”

அவன் முகம் சட்டென்று இருண்டது.

“எதுக்குங்க என்னைப் பேசணும்? நான் என்ன தப்புங்க பண்ணேன்?”

சிந்தியாவின் புன்னகை மறைந்தது. எழுந்து அவன் வழியை மறித்தாள்.

“நீங்கள் கோயம்புத்தூர் எண்டா ‘தேங்க்ஸுங்க’ எண்டு சொல்லியிருப்பியள்.”

“பு... புரியலீங்க.”

“மனேஜர் புகழ்ந்து கதைச்சார் எண்டுதான் அந்த ஊர் ஆக்களுக்கு விளங்கும். பேசினவர் எண்டா ஏசினவர் எண்டு விளங்கிறது எங்கட ஆக்களுக்குத்தான், தம்பி. அந்த மனேஜரை நான் கண்டதே இல்லை. நான் பொலிஸ். பையைத் தாரும்.”

அவன் பாய்ந்தான்!

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். எதிரே இங்கெர், பெட்டி வண்டியோடு... டமால்! வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பை வாய் பிளந்து விழுந்தது. ஒரு காலுறைக்குள்ளிருந்து மஞ்சளாய் எதுவோ நழுவியது.

தாலிக்கொடி. நுனியில் ஒரு குட்டிப் புறா.

“விடடி விசரி! என்னை விடு!”

ஒரு ‘ங்க’ கூட மிச்சமில்லை.

சிந்தியா முழங்காலால் அவன் முதுகை அழுத்தி விலங்கைப் பூட்டினாள். தாலிக்கொடியைக் கைக்குட்டையில் பொதிந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்ரியின் முகத்தை இனிப் பார்க்கலாம்.

இங்கெர் முட்டியைத் தடவியபடி எழுந்து வானத்தைப் பார்த்தாள். இரைச்சல் தலைக்கு மேலே வந்து... விலகி... தேய்ந்து போனது.

“பனி. இறங்காமலே திரும்பிவிட்டது. இனி நாளைக்குத்தான்” என்றாள்.

அவன் தரையில் கிடந்தபடியே முனகினான்.

“அப்ப... நாளை வரைக்கும் இஞ்சையோ?”

“ஓம்.” சிந்தியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“இவ்வளவு நேரமும் உன்னோட கதைச்சனான். பிளேன் வரும் வரைக்கும்... பேசப் போறன்!”