சின்ன பின்

சட்னி அரைக்கப் போன லிடியாவுக்கு மிக்ஸியைச் சொருக இடம் கிடைக்கவில்லை. சமையலறையில் இருந்த ஒரே பிளக் பாயின்ட்டில் வேறு ஏதோ சொருகியிருந்தது. அதிலிருந்து மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் தொங்கியது.

"அண்ணி... இது யாரோட சார்ஜரு?"

தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த அன்னாளின் கை அப்படியே நின்றது. போனை எடுத்து ஒளித்து வைத்தவள், சார்ஜரை மறந்துவிட்டாள். இத்தனை நாள் கட்டிக்காத்ததை ஒரு முழ ஒயர் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த வருஷம் நெய்வேலியில் செல்போன் வைத்திருந்தவர்கள் சார்ஜர் முனையின் அளவுப்படி இரண்டே ஜாதி. பெரிய பின், சின்ன பின். மந்தாரக்குப்பத்துக் கடையில் போய் சார்ஜர் கேட்டால், பெயர் ஊர் கேட்பதற்கு முன்னால் கடைக்காரன் அதைத்தான் கேட்பான். அன்னாளின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அவள் கணவன் மரியஜோசப்புடையது, பழைய மாடல், பெரிய பின். இந்தச் சார்ஜரோ சின்ன பின். லிடியா எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. வேலைக்குப் போகும்போது அண்ணன் வீட்டில் விட்டுப்போன போனை எடுத்து வந்து சொருகிப் பார்த்தாள். பின் ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் செபஸ்தியம்மாள் காலைப் பூசை முடிந்து முக்காட்டை எடுத்தபடி உள்ளே வந்தாள். விஷயம் கேட்டதும் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒத்த போனு இருக்கிற வூட்ல ரெண்டு சார்ஜரு எதுக்கு?"

"தப்பான காரியம் ஒண்ணும் இல்லீங்க அத்தை. அதுக்கு மேல கேக்காதீங்க."

"கேக்காதன்னு சொல்றவகிட்டத்தாம்மா கேக்கணும்."

லிடியாவின் முகம் சிவந்துபோயிற்று. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஏற்கெனவே சின்ன அண்ணன் செய்த கல்யாணத்தால், அவளைக் கேட்டு வந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோயிருந்தது. இப்போது அண்ணி ரகசியமாகப் போன் வைத்திருக்கிறாள் என்று பிளாக் முழுக்கப் பரவினால் யார் வாசலை மிதிப்பார்கள் என்று அழுதுகொண்டே கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் அன்னாளால் அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து காதோரம் நிலக்கரித் தூசியோடு மரியஜோசப் வந்தான். மைன்ஸில் எலக்ட்ரீஷியன். கான்ட்ராக்ட் இல்லை, பெர்மனென்ட்; நெய்வேலியில் ஒரு ஆளின் மதிப்பை அந்த ஒரு சொல்தான் சொல்லும். தங்கை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சார்ஜரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எத்தனை வோல்ட் என்பதைப் படித்தான், பதில் அதில் எழுதியிருக்கிற மாதிரி.

"யாரு போனு அன்னாள்?"

"உங்களுக்கு என்னத் தெரியாதாங்க?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைய பகல் முழுவதையும் அன்னாள் சிரித்துக்கொண்டே கடந்திருப்பாள். அவன் சொல்லவில்லை. சார்ஜரை மேடையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மாமியார் கேட்ட கேள்விகளை எல்லாம் தாங்கிக்கொண்ட அவளுக்கு அந்த முதுகைத்தான் தாங்க முடியவில்லை.

லிடியா வீட்டைக் குடைந்தாள். பீரோ, அரிசி டப்பா, தலையணை உறை, அன்னாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி... போன் கிடைக்கவில்லை. கூடத்தில் மாதா சுரூபம் இருந்த மரப்பலகையை மட்டும் அவள் தொடவில்லை. அங்கே யாருக்குத்தான் தேடத் தோன்றும்?

செபஸ்தியம்மாள் கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னிக்கு சாயங்காலம் ஜெபத்துக்கு நீ முட்டி போட வேணாம். மெழுகுவத்தி நானே ஏத்திக்கிறேன். பொய்ய மடியில கட்டிகினு மாதா முன்னாடி நிக்கக் கூடாது."

"சரிங்க அத்தை," என்றாள் அன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுவே கிழவிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அழுது, காலில் விழுந்து, உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். அதற்கு அந்த வீட்டு இளைய மகன் ஆனந்த்ராஜைப் பற்றித் தெரிய வேண்டும். இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்த திருநெல்வேலிக்கார மாடசாமியின் மகள் ஹரிணியை அவன் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டான். அன்றைக்கே செபஸ்தியம்மாள் மாதா சுரூபத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, தானும் சொல்வதில்லை, அவனோடு பேசுவதும் இல்லை என்று. சொன்ன சொல்லிலிருந்து இம்மியும் நகரவில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிகிற நேரத்தில் ஒன்று நடக்கும். லிடியாவின் கல்யாணத்துக்காக, மரியஜோசப்பின் பத்திரத்துக்காக, செத்துப்போன வீட்டுக்காரரின் ஆத்துமாவுக்காக என்று ஒவ்வொரு வேண்டுதல் கருத்தாகச் சொல்லி ஒப்புக்கொடுத்த பிறகு, கிழவி குரலைத் தணித்துக்கொள்வாள். "பேர் சொல்லாத ஒரு கருத்துக்காக..." என்பாள். அந்த ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மட்டும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லுவாள். அது யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். அப்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

ஹரிணியின் அம்மா பார்வதி ஒருநாள் பண்டகசாலை வரிசையில் நின்ற அன்னாளிடம் மஞ்சள் பை ஒன்றைக் கொடுத்தாள். உள்ளே போனும் சின்ன பின் சார்ஜரும் இருந்தன. ஆனந்த்ராஜ் அனுப்பியது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று தினம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டான். இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள் அன்னாள். நாம் சொல்வதைவிட அவனே கேட்டால் என்ன என்று மூன்றாம் நாள் தோன்றியது.

அன்றிலிருந்து ஜெப நேரத்துக்கு அவன் கூப்பிடுவான். மெழுகுவர்த்தி ஏற்றுகிற சாக்கில் அன்னாள் பச்சைப் பட்டனை அழுத்தி, போனை மாதாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவில் வைத்துவிடுவாள். மணி அடிக்காது, வெறும் வைப்ரேஷன்தான். அவனும் அந்தப் பக்கம் மூச்சுக் காட்ட மாட்டான். தன் அம்மா தனக்காக வேண்டுவதை ஓசூரில் உட்கார்ந்து ஒரு பிள்ளை தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இது தெரிந்தால் கிழவி என்ன செய்வாள்? சத்தியத்துக்குப் பயந்து அந்த ஒரு கருத்தையும் நிறுத்திவிடுவாள். பிள்ளைக்கு அதுவும் இல்லாமல் போகும். அதனால்தான் அன்னாள் வாயைத் திறக்கவில்லை. பழி வந்தால் வரட்டும். பிரிந்துபோன இரண்டு பேரைத் தினமும் சேர்த்துவைக்கிறவள் தான் ஒருத்தி என்ற கர்வம் அவளுக்கு இருந்தது. அந்தக் கர்வத்தை அழுது கரைக்க அவள் தயாராக இல்லை.

சாயங்காலம் ஆயிற்று. பகல் முழுக்க லிடியாவின் பார்வையிலிருந்து தப்பி மாதா பக்கம் போக முடியாத அன்னாள் அடுப்படியில் நின்றாள். செபஸ்தியம்மாள் தானே மெழுகுவர்த்தி ஏற்றி, மகனையும் மகளையும் இருபுறமும் வைத்துக்கொண்டு முட்டி போட்டாள். சிலுவை அடையாளம் போட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனபோது மாதா அசைந்தாள்.

ர்ர்ர்... என்று ஒரு முனகல். மரப்பலகை அதிர்ந்தது. பிளாஸ்டிக் பூக்கள் நடுங்கின. சுண்ணாம்புச் சுரூபம் கிழவியின் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்து வந்தது. லிடியா அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். செபஸ்தியம்மாள் அப்படியே தரையில் நெற்றி படக் குனிந்துவிட்டாள்.

"தாயே... எம் மவன நா தள்ளி வெச்சது தப்புன்னு சொல்றியா? பெத்த வயிறு தாயே... தெரியாம உம்மேல கைய வெச்சி சொல்லிட்டேன்..."

முனகல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொடங்கியது. மரியஜோசப் எலக்ட்ரீஷியன் அல்லவா, எழுந்துபோய்ப் பூக்களுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தான். போன். காதில் வைக்கத் தோன்றாமல் பச்சையையும் ஸ்பீக்கரையும் அழுத்தினான்.

"அண்ணி... இன்னும் ஜெபம் ஆரம்பிக்கலீங்களா? அம்மாவுக்கு ஒடம்பு எதுனா முடியலியா?" வீடு முழுக்க ஆனந்த்ராஜின் குரல் கேட்டது. "நேத்து இருமிகினேதான் எனக்காவ அந்த அருள் நிறைந்த மரியே சொன்னாங்க. அதக் கேட்டாத்தான் அண்ணி எனக்கு சோறே எறங்குது..."

மரியஜோசப் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூசினான். செபஸ்தியம்மாள் மெதுவாக நிமிர்ந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அன்னாளு... வாம்மா. வந்து முட்டி போடு."

அன்னாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"காலைல வேணாம்னு சொன்னீங்களே அத்தை."

குரலில் கோபம் இல்லை, தழுதழுப்பும் இல்லை. தலை நிமிர்ந்தே இருந்தது. கிழவி மகளின் தோளை ஊன்றி எழுந்தாள். முழங்கால் வலியோடு கூடத்தைக் கடந்து வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சொன்ன வாயி இதான். இதே வாயால கூப்புடுறேன். நா பெத்ததுங்களுக்குத் தோணல... உனக்குத் தோணிச்சே..." என்றவள், மருமகளின் தோளில் சாய்ந்து உடம்பு குலுங்க அழுதாள். பகல் முழுக்க வராத கண்ணீர் அப்போதுதான் அன்னாளுக்கும் வந்தது. அவளும் கட்டிக்கொண்டாள்.

"நானாவது ஒரு வார்த்த உனக்காவ சொல்லியிருக்கணும்," என்றான் மரியஜோசப், போனைப் பார்த்தபடி.

"ஆமாங்க. சொல்லியிருக்கணும்," என்றாள் அன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

லிடியாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள். "அண்ணி, என்ன மன்னிச்சிருங்க. அம்மா, அது அற்புதம் இல்லம்மா. வைப்ரேஷன்."

"அது எந்த எழவோ எனக்குத் தெரியாது. மாதா அசஞ்சாளா இல்லியா?"

அசைந்தாள்தான். சத்தியத்தை வாங்கிக்கொண்ட மாதாவே நகர்ந்து வந்து தன்னை அதிலிருந்து விடுவித்துவிட்டாள் என்று செபஸ்தியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். போனை மகனிடமிருந்து வாங்கி, ஒளித்துவைக்காமல், மாதாவின் காலடியில் வைத்தாள். அன்றைக்குக் கருத்துகளின் வரிசையும் மாறியது.

"மொதல்ல என் மூத்த மருமவ அன்னாளுக்காவ," என்றாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, வாசல் வரை கேட்கிற குரலில், "என் மவன் ஆனந்த்ராஜுக்காவ. என் சின்ன மருமவ ஹரிணிக்காவ." ஸ்பீக்கரில் ஒரு ஆண்பிள்ளை விம்முகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு பெண்ணின் அழுகையும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரியஜோசப் ஒயர் இழுத்து, மாதா பலகைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு பிளக் பாயின்ட் போட்டான். சின்ன பின் சார்ஜர் எல்லோரும் பார்க்கும்படி அங்கே தொங்கியது. பூசை முடிந்து கூட வந்த பக்கத்து வீட்டு தமயந்தி, மாதாகிட்ட எதுக்கு பாயின்ட்டு, சீரியல் செட்டுக்கா என்று கேட்டாள்.

செபஸ்தியம்மாள் முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே, அடுப்படிக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அது எங்க அன்னாளோட பாயின்ட்டு. கான்ட்ராக்ட்டுல்லாம் இல்ல... பெர்மனென்ட்டு."