குடைத்திட்டில் கூப்பிட்ட குரல்

"ஆம்பளைங்க தெக்கே தேடட்டும். நாம குடைத்திட்டுக்குப் போறோம்!" என்று நங்கூரத்தைத் தூக்கினாள் செபஸ்தியாள்.

அவள் தம்பி இன்னாசி கடலுக்குப் போய் இரண்டு நாளாகிறது. இன்று காலையில் அவனுடைய வள்ளம் மட்டும் ஆளில்லாமல் கரைக்கு மிதந்து வந்தது. அதில் தண்ணீர்க் கேன் நிரம்பியபடியே இருந்தது. இன்னாசி எங்கே இருந்தாலும் அவனிடம் குடிக்க ஒரு சொட்டு இல்லை.

எஞ்சினைப் பிடித்தவள் முனீஸ்வரி. செபஸ்தியாளோடு தினமும் கடலுக்கடியில் பாசி பறிக்கிறவள். மூன்றாவது ஆள் ரீத்தா, இன்னாசியின் மகள். கல்லூரியில் உலகத்துக் கடல்கன்னிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். போன வாரம்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்: ஸ்காட்லாந்தில் சீல் தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் நடப்பவள், ரஷ்ய ஆற்றில் ஈரக் கூந்தலோடு ஆண்களை அழைத்து மூழ்கடிப்பவள். இன்னாசி சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் நம்பினான்.

குடைத்திட்டு ஆளில்லாத சின்னத் தீவு. அதைச் சுற்றிப் பவளப் பாறை. படகு அதைத் தாண்டாது.

"மதியத்துக்குள்ள வந்துருங்க! காத்து ஏறிட்டா இங்க நிக்க முடியாது!" என்று முனீஸ்வரி எச்சரித்தாள்.

அத்தையும் மருமகளும் நீச்சல் கண்ணாடி மாட்டி, பாசிக்குப் போகும்போது கட்டுவது போலவே, பாறை கிழிக்காமலிருக்கப் பாதங்களில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். தண்ணீர்க் கேனைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி நீந்தினார்கள். தகரம் வெயிலில் பளபளத்தது.

கரை நெருங்கியதும் செபஸ்தியாள் குரல் கொடுத்தாள். "இன்னாசி... வந்துட்டேன்யா. எங்க ராசா இருக்க?"

நாற்பது வருஷத்தில் அவள் தம்பியை ஒருநாளும் ராசா என்றதில்லை. பயம் அவளைக் குழைத்துவிட்டது. இருவரும் கரையேறினார்கள்.

மணலில் கால்தடம் கிடந்தது. ரீத்தா குனிந்து பார்த்தாள். "அத்தை, இது இப்பத்தான் பதிஞ்சது! நம்மளப் பாத்து ஓடியிருக்காரு!"

தடம் முள்காட்டுக்குள் போனது. உள்ளே போய்த் தேடினால் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை இரண்டு நாள் தாகம் தாங்குமா? ரீத்தாவுக்கு அழுகை வந்தது. பிறகு சட்டென்று அத்தையின் ஈரக் கூந்தலைப் பார்த்தாள். காலில் மின்னும் தகரத்தைப் பார்த்தாள்.

"ஐயோ! நம்மளக் கடல்கன்னின்னு நெனச்சுட்டாரு! அத்தை, பாசமாக் கூப்பிடாதீங்க. திட்டுங்க!"

செபஸ்தியாளுக்கு அதற்குமேல் சொல்லித் தர வேண்டியதில்லை.

"டேய் இன்னாசி! வள்ளத்தக் கட்டத் துப்பில்லாதவனே! ஒன்னால இன்னைக்குப் பாசி போச்சு! இப்ப வரல, உள்ள வந்தேன்னா செவுள் பிஞ்சிரும்!"

முட்செடி அசைந்தது. உதடு வெடித்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"அக்கா?"

ரீத்தா ஓடிப்போய்த் தண்ணீரை அவன் வாயில் வைத்தாள். நண்டு பிடிக்க இறங்கியவன், வள்ளத்தைச் சரியாகக் கட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

காற்று ஏறும் முன் படகு திரும்பியது. கரையில் ஊரே கூடிக் கைதட்டியது. ரீத்தா தன் கட்டுரையைக் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இறங்குமுன் இன்னாசி அக்காவின் காதருகே மெல்லக் கேட்டான். "மொதல்ல ராசான்னு கூப்பிட்டது நீதானா?"

செபஸ்தியாள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானில்ல. அது கடல்கன்னியா இருக்கும். எறங்குடா, நேரமாச்சு!"