செத்தவருக்கு விட்ட வீடு

கோத்தா திங்கி ஊரைத் தாண்டி, செம்மண் பாதையின் கடைசியில் அந்த வீடு நின்றது. மூங்கில் தரை, அத்தாப்பு ஓலைக் கூரை, சுற்றிலும் கிழட்டு டுரியான் பழமரங்கள். என் முதலாளி ஆலன் லாரியிலிருந்து இறங்கும்போதே பல்லைக் காட்டினார்.

“காலி வீடுலா, இர்ஃபான். போட்டுட்டு ஓடிட்டானுங்க. இனி இது நம்ம ஆபீஸு.”

ஜாக்குன் பூர்வகுடிகளின் காட்டில் மரம் வெட்டக் குத்தகை எடுத்தவர் அவர். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ஆள். இங்கே அந்த மக்கள் அவருக்கு இடத்தையும் கொடுக்கவில்லை.

ஓடையருகே நின்ற மிலா என்ற ஜாக்குன் பெண் மலாய் மொழியில் பேசினாள். அவள் அப்பா அந்த வீட்டில்தான் இறந்தாராம். இறந்தவருக்கே வீட்டை விட்டுவிட்டு மற்றவர்கள் வேறிடம் போவது அவர்கள் வழக்கம். மரங்களும் அவர் நட்டவை. வெட்ட வேண்டாமென்று கெஞ்சினாள்.

“செத்தவன் பேர்ல பட்டா இருக்கா?” என்று இளித்துவிட்டு ஆலன் உள்ளே போனார். மனிதப் பிறவியா இது!

மழை பிடித்து, பகலே இருட்டியது. எப்போதோ அணைந்த அடுப்பிலிருந்து புகை வாசம் வந்தது.

மூங்கில் தரை கிறீச்சிட்டது.

மறுபடியும்.

“டேய், உள்ள நடக்காத. ஃபோன் பேசுறேன்ல,” என்று ஆலன் உள்ளிருந்து கத்தினார்.

“பாஸ், நான் லாரில இருக்கேன்.”

ஆலன் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து லாரியில் விழுந்தார். ஜொகூர் பாரு வந்ததும் பயம் தெளிந்தது, பேராசை திரும்பியது. ஆட்களை அனுப்பி மரங்களைச் சாய்த்தார். வெட்டிய அடிமரத்தில் கைவைத்து மிலா அழுதாள். எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

ஒரு மரத்தை மட்டும் மரச்சாமான் செய்யும் மூவார் ஊருக்கு அனுப்பி, சாப்பாட்டு மேசை செய்து, தன் பங்களாவில் போட்டுக்கொண்டார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் அவருக்கு.

மேசை வந்த சில நாளில் ஆலனும் மனைவி கத்தரினும் ஹோட்டலுக்கு ஓடிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. துணி எடுத்துவர என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

பங்களா முழுக்க டுரியான் வாசம். அது பழக்காலமே இல்லை.

நான் அசையாமல் நின்றேன்.

பளிங்குத் தரை, மூங்கில் மாதிரி கிறீச்சிட்டது.

மேசைக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஆலன் காட்டில் விட்டுவந்த செருப்பு. செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது.

ஃபோன் அடித்தது. ஆலன் கிசுகிசுத்தார்: “வீடு... காலியாதான இருக்கு?”

“இல்ல பாஸ். அந்தச் செத்தவருக்கு விட்டுட்டுப் போயிட்டீங்க.”

சாவியை அந்த மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

உள்ளே யாரோ கதவைத் தாழிட்டார்கள்.