டார்கஸின் மைப்புள்ளிகள்

நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஜாஸ்லின் டக்கர் வேறு வழியில்லாமல் போனாள். அவள் பதிப்பிக்கும் பழைய நாவல் அச்சுக்குப் போகும் முன் திருத்தப் படியை மூலக் கையெழுத்துப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். அந்தப் பிரதியை, அது கிடைத்த லூமிஸ் வீட்டை விட்டு வெளியே விடமாட்டோம் என்று ஊர் வரலாற்றுச் சங்கம் ஒற்றைக்காலில் நின்றது.

வீட்டைக் குளிர்காலத்துக்காக ஏற்கெனவே மூடியிருந்தார்கள். வீட்டுக் காவல்காரர் ஆரின் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஈரக் கம்பளமும் பழைய அடுப்புக்கரியும் கலந்த வாடை.

"ஹீட்டர் கீழ்க்கூடத்துல மட்டும்தான் இருக்கு, டீச்சரம்மா. மாடி பூட்டியிருக்கு. பேனா எடுக்கக் கூடாது, பென்சில்தான். சங்கத்துக்காரங்க தலையை வாங்கிடுவாங்க."

"எல்லாம் தெரியும் ஆரின். ஏழு வருஷமா வரேன்."

"அதான் சொல்றேன். ஏழு வருஷமா வரீங்க, இன்னும் ஒரு நல்ல கோட்டு வாங்கல."

அவர் சிரித்துக்கொண்டே தன் வண்டியில் போய் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

கோட்டு வாங்காததற்குக் காரணம் இருந்தது. நாற்பத்துநான்கு வயதாகியும் ஜாஸ்லினுக்குக் கல்லூரியில் வருடா வருடம் புதுப்பிக்கும் வேலைதான். இந்தப் புத்தகம் வந்தால் நிரந்தரம், வராவிட்டால் ஜூனில் மூட்டை கட்ட வேண்டியதுதான். நூற்றைம்பது வருடம் எவரும் சீந்தாத டார்கஸ் லூமிஸ் என்ற பெண்ணைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். டார்கஸ் எழுதியது ஒரே நாவல், அதுவும் பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு பாதியில் நின்றுபோனது. பிரதியில் எழுதியவர் பெயர் இல்லை. டார்கஸின் கடிதங்களை வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டு, இவள்தான் என்று நிறுவியிருந்தாள் ஜாஸ்லின்.

இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பிரதியில் வாக்கியங்களுக்கு நடுவே ஆங்காங்கே மைப்புள்ளிகள் ஊறிக் கிடந்தன. அவை வெறும் கறை அல்ல, பெண்ணின் மூச்சு நின்று எழும் இடங்கள் என்று நாற்பது பக்கக் கட்டுரை எழுதினாள். கருத்தரங்குகளில் கைதட்டினார்கள். மை சிந்தினால் அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சோறு இறங்கும்.

மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தாள்.

மாடியில் யாரோ பேசினார்கள்.

ஆரினின் ரேடியோவாக இருக்கும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினாள். பெண்குரல். தடித்த, பொறுமையான குரல். நாலைந்து சொல் சொல்லிவிட்டு நிற்கும். பிறகு மறுபடி நாலைந்து சொல்.

காது கொடுத்துக் கேட்டாள்.

அவள் கையிலிருந்த பக்கத்தைத்தான் அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

வரிக்கு வரி. எழுத்துக்கு எழுத்து.

குரல் நின்ற இடத்தில் பார்த்தாள். அங்கே ஒரு மைப்புள்ளி இருந்தது. குரல் தொடர்ந்தது, நின்றது. அங்கேயும் ஒரு புள்ளி. எழுதுகிறவள் அடுத்த சொல்லுக்காகப் பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்த இடங்கள் அவை.

மூச்சும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பக்கம் முடிந்தது. அதற்குமேல் தாளே கிடையாது. குரல் மட்டும் நிற்கவில்லை.

"எழுதிட்டியா?" என்று மாடியிலிருந்து மெல்லக் கேட்டது.

ஜாஸ்லின் குனிந்து பார்த்தாள். திருத்தப் படியின் பின்பக்கத்தில் தன்னை அறியாமலே பென்சிலால் ஆறு வரி எழுதியிருந்தாள். அந்த நாவலில் இல்லாத ஆறு வரி.

வாசல் கதவில் மோதிக்கொண்டு வெளியே ஓடினாள். ஆரின் ரேடியோவை அணைத்தார்.

"மாடில யார் இருந்தாங்க?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்தக் காலத்துல."

"கெசியா. டார்கஸோட அக்கா. கை ரெண்டும் வாதத்துல மடங்கிப் போய் இருபது வருஷம் படுக்கையில கெடந்தாங்க. நாள் பூரா எதாவது கதை சொல்லிட்டே இருப்பாங்களாம்."

"ஏன் இவ்வளவு நாளா இதைச் சொல்லல?"

"நீங்க டார்கஸைப் பத்தித்தானே கேட்டீங்க?"

அவர் சொன்னது உண்மைதான்.

"கதை ஏன் பாதில நின்னுச்சு, தெரியுமா?"

ஆரின் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சிதான் நிறுத்துனா. வலது கையைக் கதவிடுக்குல விட்டு, அவளே சாத்திக்கிட்டா. நாலு விரல் போச்சு. எங்க பாட்டனாரோட அம்மா இங்க துணி துவைச்சவங்க, கண்ணால பார்த்தவங்க. அதுக்கு மேல கேக்காதீங்க."

திரும்பும் வழியெல்லாம் ஜாஸ்லின் அழுதாள். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. ஒரு பெண்ணைக் குழியிலிருந்து எடுக்கிறேன் என்று புறப்பட்டு, இன்னொருத்தியை ஆழமாகப் புதைத்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கிடைக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. கல்லூரிக்கும் பதிப்பகத்துக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். குரலை மட்டும் விட்டுவிட்டாள். சங்கத்துப் பெட்டிகளை மறுபடி கிளறியதில் டார்கஸின் கடிதம் ஒன்றிலேயே சான்று இருந்தது: 'அக்கா சொல்கிறாள், நான் எழுதுகிறேன், அவள் நிறுத்துவதே இல்லை.' ஏழு வருடமாக அந்த வரியைச் செல்லப் புலம்பல் என்று தாண்டிப் போயிருந்தாள்.

கட்டுரைக்குக் கைதட்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை போயிற்று. அட்டையில் டார்கஸை எடுத்துவிட்டுக் கெசியா லூமிஸ் என்று போட ஏற்பாடாயிற்று. பெயர் கிடைத்துவிட்டது, இனி அவள் அடங்கிவிடுவாள் என்று ஜாஸ்லின் நம்பினாள். பாவம், பெயருக்காகத்தான் கெசியா காத்திருந்தாள் என்று யார் இவளுக்குச் சொன்னார்கள்?

மார்ச் மாதம் ஒரு காலைப்பொழுது, பதிப்பகத்திலிருந்து மாக்சின் கூப்பிட்டாள். பழைய சிநேகிதி.

"அடியே, இருபதாம் அத்தியாயத்தை இவ்வளவு நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த? ராத்திரி கீழ வைக்க முடியல."

"எந்த இருபதாம் அத்தியாயம்?"

"நீ தபால்ல அனுப்புனதுதான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு சந்தேகம்தான். முதல் பக்கத்துல உன் பேரை நீயே கோடு போட்டு அடிச்சுட்டியே, ஏன்? பதிப்பாசிரியர் பேர் இல்லாம எப்படிடி புத்தகம் போடறது?"

"நான் அடிக்கல, மாக்சின்."

"அடிச்சிருக்க. ஒரு தடவை இல்ல, தாள் கிழியற அளவுக்கு. எங்கயுமே உன் பேர் மிச்சமில்ல."

ஜாஸ்லின் குடியிருந்தது கட்டடத்தின் கடைசி மாடி. அதற்குமேல் கூரையும் பனியும்தான்.

தலைக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஜாஸ்லின்? இருக்கியா?"

இடது கையில் தொலைபேசி இருந்தது. வலது கை மேசைமேல் இருந்தது. அதில் பேனா எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடியில் வெள்ளைத்தாள் ஒன்று நேராக வைக்கப்பட்டிருந்தது.

"இருபத்தொன்று" என்றது மேலிருந்து, பொறுமையாக.

ஜாஸ்லின் பேனாவைக் கீழே வைக்கப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை.